விடுதலைக்குப் பிறகும் விடாத வழக்கு

ஆரப்பாளையம் பேருந்து நிலையப் பக்கத்து கணினி மையங்களில் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களில் சிலர் ஒரு கேள்வியில் தயங்கி நிற்கிறார்கள்: உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா? ஒருவர் சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், அவரை வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகிறது தமிழகக் காவல் பணி விதி. வழக்கை நிரூபிக்கத் தவறியது அரசுத் தரப்பு. வேலையை இழப்பதோ இளைஞர். இது அநியாயம்.

இணையத்தில் நிலைமை இன்னும் மோசம்: விடுதலையானவரின் பெயர் தீர்ப்போடு தேடலில் வந்து நிற்கிறது. 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுவித்த ஒருவர், தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கோரினார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்று. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. ஜூலையில் அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

தீர்ப்புகள் பொதுவெளியில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பெயரை மறைத்தால் சட்ட விளக்கம் குறைந்துவிடாது. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் தண்டனைப் பதிவுகளை, கொடுங்குற்றங்கள் சில தவிர, உரிய காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். குற்றமற்றவர் எனத் தீர்ப்பு பெற்ற பெரியவருக்கு அந்த அளவு பாதுகாப்புகூட இல்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும். பணி விதியைத் திருத்த தமிழக அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.