போர்ப் புதினத்தில் களன்: புண்பட்ட வீரனும் அவனை ஏற்கும் நிலமும்

போர்ப் புதினங்களை ஆராய்வோர் கதைமாந்தர், அரசியல் நிலைப்பாடு, மொழிநடை ஆகியவற்றுக்கே பெரிதும் முதலிடம் தருகின்றனர். களன் ‘பின்னணி’ என்னும் தலைப்பில் ஒரு பத்தியளவில் முடிந்துவிடுகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்த தொல்காப்பிய மரபினர்க்கு இவ்வணுகுமுறை பொருந்துவதன்று. புண்பட்ட வீரனை மையமாகக் கொண்ட புதினங்களில் இக்குறை மேலும் தெளிவாகப் புலப்படும். பொருதுகின்ற வீரனுக்கு நிலம் போர்க்களம் ஒன்றே. புண்பட்டவனோ களத்தினின்று அகற்றப்பட்டு, பாசறை, மருத்துவமனை, இல்லம், அயல்நாடு என இடம் மாறிக்கொண்டே இருக்கிறான். ஒரே புண் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு பொருள் கொள்கிறது.

இதற்குச் சங்கப் பாடல்களே முதற்சான்று. நெடுநல்வாடையில் வாடை வீசும் நள்ளிரவில் வேந்தன் உறங்காது, சிலரோடு பாசறையில் புண்பட்டோரைக் காணச் செல்கிறான். அங்குப் புண் அரசனது கடமைக்குச் சான்றாகிறது. அரிசில்கிழாரின் புறநானூற்றுப் பாடலில் (281) புண்பட்டவன் தன் மனையில் கிடக்கிறான். இரவமும் வேம்பும் செருகிய மனை, சிதறிய ஐயவி, காஞ்சிப் பண், நறும்புகை ஆகிய அனைத்தும் அப்புண்ணைக் காக்கும் பெண்டிரின் செயல்களாக அமைகின்றன. பாசறையில் அரசியலாக நின்ற புண் மனையில் உறவாகிறது. இரண்டனுக்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்குவது நிலமேயன்றிப் புண்ணின் தன்மையன்று.

திணைக்கோட்பாட்டை இக்காலப் புதினத்தின்மீது ஏற்றுவது வலிந்து பொருள் கொள்வதாகும் என்று மறுக்கலாம். நிலங்களுக்குத் திணைப்பெயர் சூட்டுவது இங்கு நோக்கமன்று. ‘எங்கு, எப்பொழுது’ என்னும் வினாக்களை முதலில் எழுப்பும் முறைமையே வேண்டப்படுகிறது. ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ (1929) புதினத்திற்கும் அம்முறைமை பொருந்தும். இத்தாலியப் போர்முனையில் காயமுற்ற நாயகனுக்கு மிலான் நகர மருத்துவமனை காதலின் இடமாகிறது. அதன்பின் மீண்டும் முனைக்குத் திரும்பி, மழையில் பின்வாங்கும் படையோடு நடக்கையில் போரின் பொருளின்மை அவனுக்கு உறுதிப்படுகிறது.

ஈழப் புதினங்களுள் சயந்தனின் ‘ஆறாவடு’ (2012) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இத்தாலி நோக்கிய படகுப் பயணத்தை அது கதையின் அச்சாகக் கொள்கிறது. போரில் காலிழந்தவனின் பொய்க்கால் கடலில் மிதந்து எரித்திரியக் கரையை அடைந்து, அந்நாட்டு விடுதலைப் போரில் காலிழந்த வேறொருவனிடம் சேர்கிறது. உடலை விட்டுப் புண்ணின் அடையாளம் மட்டும் பயணம் செய்கிறது. கடலைப் பின்னணி என ஒதுக்கிவிட்டால் இம்முடிவின் பொருளை விளக்க இயலாது.

ஆயினும் திறனாய்வாளர் கவனம் வன்னி நிலத்தோடு நின்றுவிடுகிறது. போரின் நிலம் பாக்கு நீரிணைக்கு இப்பாலும் நீள்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லையைத் தொடும் நெடுஞ்சாலைப் பகுதி, தொழிற்பேட்டையால் மட்டுமே பெரிதும் அறியப்படுகிறது. அதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாமும் உள்ளது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. நிலம் மாறாமல் பெயர் மட்டும் மாறும்போது, அது ஆறும் இடமா, அடைபடும் இடமா என்னும் வினா எழுகிறது. தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ போன்ற தன்வரலாற்று எழுத்துகள் அவ்வினாவுக்கு உள்ளிருந்து விடை தேடுவன. போர்ப் புதினங்களோடு அவற்றை ஒருங்கு வைத்துப் படிக்கும் ஆய்வு வளர வேண்டும்.

எனவே, போர்ப் புதின ஆய்வில் களனை இறுதி இயலுக்குத் தள்ளாது முதல் இயலாக அமைப்பதே முறை. புண் எங்கு ஏற்பட்டது என்பதோடு, அது எங்கெங்குக் கொண்டுசெல்லப்பட்டது, எந்நிலம் அதனை ஏற்றது, எந்நிலம் மறுத்தது என்பனவும் ஆராயப்பட வேண்டும். அவ்வாறு செய்யாதவரை, போர் முடிந்த நாளோடு புதினமும் முடிந்துவிட்டதாகவே நம் ஆய்வுகள் கருதிக்கொண்டிருக்கும்.