திரையில் கட்டிப் பார், பிறகு தரையில் கட்டு!

ஏலகிரி மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அப்படிப்பட்ட பாதையில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவதானால் எத்தனை விஷயங்களைக் கவனிக்க வேண்டும்! சரிவு எவ்வளவு? மழைநீர் எப்பக்கம் பாயும்? அடியில் இருப்பது பாறையா, களிமண்ணா? குடிநீர்க் குழாய் எங்கே போகிறது? இந்த விவரங்கள் தனித்தனி வரைபடங்களில், தனித்தனி இலாகாக்களில் கிடந்தால் என்ன ஆகும்? ஒன்றுக்கொன்று முரண்படுவது கடப்பாரை போட்ட பிறகே தெரியவரும். இடித்துக் கட்டும் செலவோ வரி கொடுக்கும் ஜனங்களின் தலையில்!

கம்ப்யூட்டரில் ஒரு கட்டடம்

இதற்குப் பரிகாரமாக வந்ததே 'கட்டடத் தகவல் மாதிரி' முறை. இஞ்சினீயர்கள் இதைச் சுருக்கமாக 'பிம்' என்கிறார்கள். இது வெறும் படமல்ல. ஒவ்வொரு தூணுக்கும் குழாய்க்கும் அளவு என்ன, எந்தப் பொருளால் ஆனது, விலை என்ன, எந்தத் தேதியில் பொருத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கும். உத்தரத்தைக் குழாய் ஊடுருவினால் கம்ப்யூட்டர் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு காலத்தையும் செலவையும் சேர்த்தால் ஐந்து பரிமாணங்கள். 2019-ல் ஓடத் தொடங்கிய நாகபுரி மெட்ரோ ரயில் இந்த ஐந்து பரிமாண முறையில் நிர்வகிக்கப்பட்டதுதான். பிரிட்டிஷ் மத்திய சர்க்கார் 2016 ஏப்ரல் முதல் தன் கட்டுமான வேலைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

மந்திரக்கோல் அல்ல

ஆனால், தரையில் நடந்த மாறுதலைத் திரையில் பதியாவிட்டால் இத்தனையும் வீண். கட்டி முடித்த பிறகும் பதிவு தொடர வேண்டும்.

ஏலகிரி அடிவாரத்துக்கு அப்பால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பதனிடும் வட்டாரம் இதை மறக்க முடியாது. 2015 ஜனவரி 31-ந் தேதி, ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டனர்.

கம்ப்யூட்டர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும், ஒரு சுவர் எவ்வளவு பாரம் தாங்கும், இன்று எவ்வளவு தாங்குகிறது, அதைக் கடைசியாகச் சோதித்தவர் யார் என்பதெல்லாம் ஒரே ஏட்டில் இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று ஒருவரும் கைகழுவ இயலாது.

செய்ய வேண்டியது

சிறு வீடு கட்டும் மேஸ்திரிக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. மலைப் பாதை, பாலம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முதலிய பெரிய வேலைகளுக்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். கட்டடத்தோடு அதன் மாதிரியையும் காண்டிராக்டர் ஒப்படைக்க வேண்டும். வேலை நடக்கும்போது செய்த மாறுதல்களை அன்றன்றே அதில் பதிய வேண்டும்.

திரையில் கண்ட பிழையை ஒரு நொடியில் அழித்துவிடலாம். தரையில் எழுந்துவிட்ட பிழையை அழிக்கப் பணம் வேண்டும். சில சமயம் அது உயிரையும் கேட்கிறது.