சிறிதாக்கும் முன் ஒரு பிரதி



மௌத்தான என் வாப்பாவின் ஒரே படத்தை ஸ்கேன் செய்து கம்பியூட்டரில் வைத்திருந்தேன். கத்தாரிலிருக்கும் தம்பிக்கு அனுப்பவென்று அதைச் சிறிதாக்கி, 'சேவ்' அழுத்தி மூடிவிட்டேன். பெரிய படம் போயே போய்விட்டது. காகிதப் படத்தையோ அதற்கு முன்பே கறையான் தின்றிருந்தது. இப்போது பெரிதாக்கினால் வாப்பாவின் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது.

சிறிதாக்கும்போது படத்திலுள்ள புள்ளிகள் கழிக்கப்படுகின்றன. கழிந்தவை திரும்பி வரா. ஆகவே திருத்தத் தொடங்கும் முன்பே 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுங்கள். கைவைப்பது அதில் மட்டும். ஜேபெக் முறையில் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தெளிவு சற்றுக் குறையும். வேலை முடியும்வரை பிஎன்ஜி முறையில் வைத்திருங்கள்.

6க்கு 4 அங்குலத்தில் நன்றாக அச்சிட 1800க்கு 1200 புள்ளிகள் வேண்டும். திரையில் சிறிய அளவில் பார்க்க மட்டுமென்றால் அகலம் 800 போதும். 'பெயின்ட்'டில் அளவு மாற்றும்போது நீள அகல விகிதத்தைக் காக்கும் வசதி இயங்கும் நிலையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒல்லியான மணப்பெண்ணும் குண்டாகிவிடுவாள்!

அசல் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, ராத்தா வீட்டு அலுமாரியிலும் வைத்துவிடுங்கள்.