ஓடி முடித்ததும் தட்டில் என்ன இருக்க வேண்டும்?

தேனி மாவட்டம் மயிலாடும்பாறையிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகன், மகள் இருவருமே காவலர் தேர்வுக்குத் தயாராகிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வருசநாடு ரோட்டில் ஓடப் போய்விடுகிறார்கள். 'ஓடி முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள புரோட்டீன் பவுடர் குடிக்கலைன்னா ஓடினதெல்லாம் வீண்' என்று கூட ஓடும் நண்பர்கள் மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு டப்பா மூவாயிரம் ரூபாயாம். 'தக்காளி பறிக்கப் போகிற கூலியில் குடும்பம் நடக்கிறது. கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுத்துவிடவா?' என்று கேட்டிருக்கிறார். மகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: 'அவள் டீயைக் குடித்துவிட்டு காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவாள். பசியே இல்லை என்பாள்.'

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. கடன் வாங்க வேண்டாம். உங்கள் மகனுக்குத் தேவையானது உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. இரண்டையும் பார்த்துவிடுவோம்.

அரை மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஓடும்போது உடம்பு இரண்டு வகையில் செலவாகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை கரைகிறது. இந்தச் சேமிப்புக்கு கிளைக்கோஜன் என்று பெயர். அதோடு தசை நார்களில் சின்னச் சின்ன சேதமும் ஏற்படுகிறது. முதலாவதை நிரப்புவது மாவுச்சத்து. இரண்டாவதைச் சரிசெய்வது புரதம். அதனால்தான் ஓடி முடித்த பிறகு இரண்டும் சேர்ந்த உணவு வேண்டும் என்கிறோம்.

1988-ல் அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுபவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பயிற்சி முடிந்தவுடன் மாவுச்சத்து எடுத்துக்கொண்டவர்களுக்கு கிளைக்கோஜன் வேகமாக நிரம்பியது. இரண்டு மணி நேரம் தாமதித்தபோது அந்த வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 'உடனே சாப்பிடு' என்ற பேச்சு வலுப்பட இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. அன்றைக்குச் சாப்பிட வேண்டியதை முழுதாகச் சாப்பிட்டுவிட்டால், மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் கிளைக்கோஜன் ஒரே அளவில்தான் இருக்கும்.

புரதத்துக்கும் அதே கதைதான். 2013-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் புரதம் எடுத்தவர்களுக்குப் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. நாள் முழுவதும் எவ்வளவு புரதம் சாப்பிட்டார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் வரைக்கும் தசை புரதத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. அரை மணி நேரத்தில் கதவை மூடிவிடுவதில்லை.

அப்படியானால் எப்போது சாப்பிடுவது?

அது ஓடுவதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

வெறும் வயிற்றில் ஓடினால்: ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, காலை ஐந்தரைக்கு ஓட்டம், பத்து மணிக்குத்தான் அடுத்த சாப்பாடு என்றால் இடையில் பதினான்கு மணி நேரம் உடம்புக்கு ஒன்றுமே போகவில்லை. இவர்கள் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

ஒரு வாழைப்பழமாவது தின்றுவிட்டு ஓடினால்: அவசரம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் வழக்கமான காலைச் சாப்பாடு போதும்.

காலையும் மாலையும் பயிற்சி எடுத்தால், அல்லது ஓடிவிட்டு நேராகக் காட்டு வேலைக்குப் போனால்: இவர்களுக்கு மட்டும்தான் 'சீக்கிரம் சாப்பிடு' என்ற விதி உண்மையிலேயே பொருந்தும். அடுத்த வேலைக்குள் சேமிப்பு நிரம்பியாக வேண்டும். களை வெட்டுவதும், மூட்டை தூக்குவதும் உடம்புக்குப் பயிற்சிதான்.

ஓடி முடித்ததும் குமட்டுகிறது, எதுவும் இறங்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். பதினைந்து, இருபது நிமிடம் பொறுக்கலாம். அதுவரை தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். 'ஓடியதும் தண்ணீர் குடிக்கக் கூடாது' என்பது தவறான நம்பிக்கை. ஒரே மூச்சில் ஒரு சொம்பைக் கவிழ்க்காமல் இருந்தால் போதும்.

எவ்வளவு புரதம்?

சாதாரணமாக வேலை செய்யும் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்தது. தினமும் கடுமையாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு இது போதாது. கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். மகன் 60 கிலோ என்றால் நாளுக்கு 72 முதல் 96 கிராம். மகள் 50 கிலோ என்றால் 60 முதல் 80 கிராம்.

கேட்டால் மலைப்பாக இருக்கும். வீட்டுச் சாப்பாட்டில் இது எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஓடி முடித்ததும்: இரண்டு வேகவைத்த முட்டை, ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்), ஒரு வாழைப்பழம். புரதம் சுமார் 20 கிராம்.

காலை: நான்கு இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம். சுமார் 12 கிராம்.

மதியம்: சோறு, மொச்சைக் குழம்போ தட்டப்பயறுக் குழம்போ (பயறு மட்டும் 50 கிராம் வருகிற மாதிரி), ஒரு கரண்டி தயிர். சுமார் 25 கிராம்.

மாலை: கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், ஒரு டம்ளர் பால். சுமார் 16 கிராம்.

இரவு: தோசையோ சப்பாத்தியோ, கூடவே ஒரு முட்டை அல்லது பாசிப்பயறு. 15 கிராம் வரை.

கூட்டினால் 88 கிராம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி இதில் சேரவில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதில் பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்துக் குடிக்கலாம். பொட்டுக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். ஒரு கரண்டி பவுடரில் 24 கிராம் வாக்கில் புரதம் இருக்கும். நான்கு முட்டையிலும் அதே அளவுதான். மூவாயிரம் ரூபாய் டப்பா முப்பது கரண்டி வந்தால் ஒரு வேளைக்கு நூறு ரூபாய். நான்கு முட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்துவிடும். பவுடர் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களை எடுத்துக்கொள்வதைத் தவிர்க்கும்படி, 2024 மே மாதம் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லியிருக்கிறது. சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வது. வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் உடம்பில் சேர்கிறது. பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேர்கிறது. கிருமித் தொற்று வேறு வரலாம். காசு கொடுத்து வாங்கிய முட்டையை வேகவைத்தே சாப்பிடுங்கள்.

பழைய சோறும் கம்பங்கூழும்

'வீட்டில் காலையில் பழைய சோறுதான் இருக்கும், அது போதுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓடி வியர்த்து வந்தவருக்கு உப்பும் நீரும் மாவுச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும் சாப்பாடு அது. நீராகாரத்தில் உப்புப் போட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிப்பது பயிற்சிக்குப் பிறகு அருமையான உணவு. அதில் குறைவது புரதம்தான். தொட்டுக்கொள்ள நிலக்கடலைத் துவையலோ, ஒரு முட்டையோ சேர்த்தால் குறை தீர்ந்தது. கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் அப்படியே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தார் ரோட்டில் தினமும் ஓடும் எலும்புக்கு அது வேண்டும்.

இளநீர் நல்லதுதான். ஆனால் வியர்வையில் அதிகம் வெளியேறுவது சோடியம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே இளநீர் குடித்தாலும் உப்புச் சேர்ந்த சாப்பாடு வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் இன்னும் எளிது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க முடிந்தால் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். எடை மெஷின் இல்லையா? சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

வடையும் பரோட்டாவும் ஓடிய உடனே வேண்டாம். எண்ணெய் அதிகமானால் செரிமானம் மெதுவாகும், அடுத்து சாப்பிட வேண்டியதற்கு வயிற்றில் இடமும் இருக்காது.

மகளின் டீ டம்ளர்

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். தூரம் குறைவு என்பதால் பெண்ணுக்குச் சாப்பாடு குறைவாகப் போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தினமும் இருவரும் எடுக்கும் பயிற்சி ஒன்றுதான். அதற்கு மேல் மாதவிடாயில் போகும் இரத்தத்தையும் அவள் ஈடுகட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஆணுக்குத் தேவையான இரும்புச்சத்து 19 மில்லிகிராம். பெண்ணுக்கு 29. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

இரத்தசோகையோடு ஓடினால் மூச்சு சீக்கிரம் வாங்கும், கால் கனக்கும், நேரம் குறையவே குறையாது. 'பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டாமினா இல்லை' என்று மைதானத்தில் பேசுவார்கள். குறை பல நேரம் தட்டில்தான் இருக்கும்.

பசி இல்லை என்பதையும் நம்பிவிடாதீர்கள். கடுமையாக ஓடியதும் கொஞ்ச நேரம் பசி மங்குவது இயல்பு. அந்த நேரத்தில் டீ குடித்தால் இன்னும் அடங்கிவிடும். டீ வேறு ஒரு கெடுதலும் செய்கிறது. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரை சமைக்கிற நாளில் அரை மூடி எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

ஓடும் அளவுக்குச் சாப்பிடாமல் மாதக்கணக்கில் போனால் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேவிடும். 'நல்லதாப் போச்சு, பயிற்சிக்கு இடைஞ்சல் இல்லை' என்று பிள்ளைகள் அதை மறைப்பதும் உண்டு. அது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. எலும்பு பலவீனமாகி, ஓடும்போதே விரிசல் விடலாம். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினையும் பரிசோதித்துவிடுங்கள். முட்டை இரண்டுதான் இருக்கிறது என்றால் இரண்டும் மகனுக்கு என்று ஆகிவிட வேண்டாம். ஆளுக்கு ஒன்று, மீதிக்கு நிலக்கடலை.

பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமா? இரண்டு இட்லிக்கு நடுவில் கடலைத் துவையல் தடவி டப்பாவில் போட்டுக் கொடுங்கள். கூட ஒரு வாழைப்பழம், ஒரு முட்டை. பஸ்ஸில் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடலாம்.

மற்ற வாசகர்களுக்கு

உடல் எடை குறைய வேண்டுமென்று அரை மணி நேரம் நடப்பவர்களுக்கு மேலே சொன்ன கூடுதல் சாப்பாடு எதுவும் தேவையில்லை. வழக்கமான காலை உணவே போதும். நடந்து முடித்ததும் டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டால் நடந்ததற்கு மேல் வரவாகிவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடப்பது ஆபத்து. சட்டைப்பையில் நான்கு மிட்டாய் இருக்கட்டும். எப்போது சாப்பிடுவது, எப்போது மருந்து எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நாளில் ஒரே நாளில் அடுத்தடுத்து ஓட்டமும் தாண்டுதலும் இருந்தால், இடைவேளையில் வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் போதும். அன்றைக்குப் பார்த்துப் புதிதாக எதையும் சாப்பிட வேண்டாம். பயிற்சி நாட்களில் ஒத்துக்கொண்டதையே கொண்டு போங்கள்.

இன்று ராத்திரி படுப்பதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு பாத்திரத்தில் நிலக்கடலையை ஊறப் போடுங்கள். வீட்டில் எத்தனை பேர் ஓடுகிறார்களோ அத்தனை கைப்பிடி. காட்டு வேலைக்குப் போகிற உங்களுக்கும் சேர்த்து இன்னொரு கைப்பிடி.