டிக்கெட் சண்டையில் மூணாவது ஆள்

பெரம்பலூர்க்காரங்களுக்கு ரயில்னா அது அரியலூர்தான். எங்க ஊர்ல ரயில் நிலையம் கிடையாது. முப்பது கிலோமீட்டர் பஸ் பிடிச்சுப் போய்த்தான் வண்டி ஏறணும். அதனாலயோ என்னவோ, எங்க பக்கத்து வயசானவங்க ரயில்ல ஏறும்போது கொஞ்சம் பயத்தோடதான் ஏறுவாங்க. பஸ்ல கண்டக்டரே நம்மகிட்ட வந்து டிக்கெட் குடுத்துடுவார். ரயில்ல நாம டிக்கெட்டோட ஏறணும், அப்புறம் ஒருத்தர் வந்து அது செல்லுமா செல்லாதான்னு சொல்லுவார். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எல்லாச் சண்டையும் நடக்குது.

போன மாசம் அரியலூர்லேர்ந்து சென்னைக்கு ராத்திரி வண்டியில ஸ்லீப்பர்ல போயிட்டிருந்தேன். எதிர் சீட்டு ஓரத்துல ஒரு ஆயா, மடியில ஒரு பை, கையில ஒரு பேப்பர். டிக்கெட் பரிசோதகர் வந்தார். பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு, "பாட்டி, இது செல்லாது. வெயிட்டிங் லிஸ்ட், கேன்சல் ஆயிடுச்சு"ன்னார்.

"இல்லீங்களே, பேரன் காசு கட்டிதானே எடுத்துக் குடுத்தான்?"

"காசு அவன் கணக்குக்கே திரும்பப் போயிருக்கும். இப்ப உங்ககிட்ட டிக்கெட் இல்ல."

அவர் சொன்னது சரிதான். ஆன்லைன்ல எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்லயே இருந்தா, தானாவே ரத்தாயிடும். அதோட ஏறினா டிக்கெட் இல்லாம ஏறின கணக்குதான். இதே டிக்கெட்டைக் கவுண்டர்ல எடுத்திருந்தா ஜெனரல் பெட்டியிலயாவது போகலாம். இதெல்லாம் அந்த ஆயாவுக்கு எப்படித் தெரியும்? பேரன் பிரிண்ட் எடுத்துக் குடுத்தான், பேப்பர்ல அவங்க பேர் இருக்கு, வண்டி நம்பர் இருக்கு. அவங்களைப் பொறுத்தவரை அது டிக்கெட்.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பிச்சுது. மேல் பெர்த்துலேர்ந்து ஒருத்தர், "இவங்களுக்கு இதே வேலையா போச்சு சார், எறக்கி விடுங்க"ன்னார். பக்கவாட்டு சீட்டுல இருந்த தம்பி ஒருத்தர் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கிட்டே, "வயசானவங்ககிட்ட இப்படித்தான் பேசுவீங்களா? வடக்கேர்ந்து வர்றவன்கிட்ட டிக்கெட் கேப்பீங்களா?"ன்னு கத்தினார். அதுவரைக்கும் தணிவாப் பேசிக்கிட்டிருந்த பரிசோதகருக்கு மூஞ்சி மாறிடுச்சு. "அபராதம் கட்டணும், இல்லன்னா விருத்தாசலத்துல எறங்கணும்"னு கறாரா சொல்லிட்டார்.

நான் என்ன பண்ணினேன்? போன்ல எதையோ படிக்கிற மாதிரி பாவ்லா பண்ணிக்கிட்டிருந்தேன். இதை எழுதவே கூச்சமா இருக்கு. ஆனா அதுதான் நடந்தது.

அடுத்த பகுதியிலேர்ந்து ஒரு அம்மா எழுந்து வந்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கலாம். யாரையும் திட்டலை. "சார், மொத்தமா எவ்வளவு கட்டணும்?"னு கேட்டாங்க. டிக்கெட் காசு, மேல அபராதம் குறைஞ்சது 250 ரூபாய்னார். ஆயாவோட சுருக்குப் பையில இருந்தது நூத்தி எண்பது. "மீதியை நாங்க போடுறோம், நீங்க ரசீது போட்டுக் குடுங்க. ஜெனரல் பெட்டிக்கு நானே கூட்டிட்டுப் போய் ஏத்தி விடுறேன்"னு சொல்லிட்டு எங்க பக்கம் திரும்பினாங்க. ஆளுக்கு அம்பது போட்டோம். எறக்கி விடச் சொன்ன மேல் பெர்த்து ஆளும் போட்டார்! வீடியோ தம்பி மட்டும் அதுக்குள்ள காதுல ஹெட்போன் மாட்டிட்டார் :-)

ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சுது. பரிசோதகரே ஆயாவோட பையைத் தூக்கிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்க முடியாம, சட்டம் என்னதான் சொல்லுதுன்னு தேடிப் படிச்சேன். 1989ஆம் வருஷ ரயில்வே சட்டம், பிரிவு 139. கட்டணமும் அபராதமும் கட்டாதவரைப் பெட்டியிலேர்ந்து இறக்கி விட, அதுக்கு அதிகாரம் குடுக்கப்பட்ட ஊழியரால முடியும். அதுக்கு உதவியா வேற யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக்கலாம்னும் அதே வரியில இருக்கு. அதாவது, பக்கத்துல இருக்கிற ஆளைச் சட்டமே நினைச்சுப் பார்த்திருக்கு, ஆனா இறக்கி விடுறதுக்குக் கை குடுக்கிற ஆளா!

ஆனா அதே பிரிவுல கீழ இன்னொண்ணும் இருக்கு. ஆண் துணை இல்லாம வர்ற பெண்ணையோ குழந்தையையோ கண்ட இடத்துல இறக்கக் கூடாது. ஏறின ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி கடைசியா நிக்கிற ஸ்டேஷன், இல்லன்னா மாவட்டத் தலைநகரத்து ஸ்டேஷன், இங்கேதான் இறக்கலாம். அதுவும் பகல் நேரத்துல மட்டும்தான். விருத்தாசலம் ஜங்ஷன்தான், சரி. ஆனா எங்க வண்டி அங்க போய்ச் சேர்ந்தது நடு ராத்திரி. ஆயாவை அங்க இறக்கியிருக்கவே முடியாது. (2007ல மறுபடியும் தனி மாவட்டமானதால அரியலூரும் இந்தக் கணக்குல வருது. ரயிலே இல்லாத பெரம்பலூரில் எங்களை யாரும் இறக்க முடியாது, அது ஒரு வசதி!) இந்த ஒரு வரி அந்தப் பெட்டியில யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா, கத்தாமலே, "சார், ராத்திரியில இறக்கக் கூடாதுன்னு இருக்கே"ன்னு தன்மையா சொல்லியிருக்கலாம்.

டிக்கெட் தகராறுன்னா நமக்கெல்லாம் முதல்ல ஞாபகம் வர்றது காந்தி. 1893 ஜூன் 7, பீட்டர்மாரிட்ஸ்பர்க். முதல் வகுப்பு டிக்கெட் கையில இருந்தும் தள்ளி விட்டாங்கன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். ஆனா அந்தத் தகராறை ஆரம்பிச்சது அதிகாரி இல்லை. அதே பெட்டிக்கு வந்த ஒரு சக பயணி இவரை மேலும் கீழும் பார்த்துட்டு, வெளிய போய் அதிகாரிகளைக் கூட்டிட்டு வந்தான். மூணாவது ஆள் நுழைஞ்சதாலதான் அது நடந்துச்சு.

அதே பயணத்தோட கடைசிக் கட்டத்தை நாம அவ்வளவாப் பேசுறதில்லை. சில நாள் கழிச்சு ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து பிரிட்டோரியாவுக்கு மறுபடியும் முதல் வகுப்பு டிக்கெட். ஜெர்மிஸ்டன்ல கார்டு வந்து, மூணாம் வகுப்புக்குப் போன்னார். அந்தப் பெட்டியில இருந்த வேற ஒரே பயணி ஒரு இங்கிலீஷ்காரர். அவர்தான் கார்டைக் கேட்டார், டிக்கெட் இருக்கிறவரை எதுக்குத் தொந்தரவு பண்றே, அவர் கூட வர்றதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைன்னு. கார்டு முணுமுணுத்துக்கிட்டே போயிட்டார். காந்தி தன்னோட சுயசரிதையிலயே இதை எழுதியிருக்கார். அந்த மனுஷரோட பேரு அதுல இல்லை. ஒரே ஆளு, ஒரே பயணம், ரெண்டு மூணாவது ஆளுங்க. ஒருத்தன் வெயிட்டிங் ரூம்ல குளிர்ல நடுங்க வைச்சான், இன்னொருத்தர் ஊர் போய்ச் சேர வைச்சார்.

அதனால நடுவுல போறது நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் வைக்கிறதுல அர்த்தம் இல்லை. எதுக்காகப் போறோம்ங்கிறதுதான் விஷயம். பரிசோதகர் என்றாலே வில்லன்னு நினைச்சுக் கூட்டமாச் சேர்ந்து பாயறதும் தப்பு. 2024 ஏப்ரல்ல திருச்சூர் பக்கத்துல, டிக்கெட் கேட்டதுக்காக ஒரு பரிசோதகரை ஓடுற ரயில்லேர்ந்து பயணி ஒருத்தன் தள்ளி விட்டு, அவர் செத்தே போனார். தனியாளா ஒவ்வொரு பெட்டியாப் போய், கோவமா இருக்கிற ஜனங்ககிட்ட டிக்கெட் கேக்குற வேலை அது. அவருக்கும் ராத்திரி வீட்டுக்குப் போகணும்.

என் கருத்து இவ்வளவுதான். நடுவுல போறவங்க யாரு சரி, யாரு தப்புன்னு தீர்ப்பு சொல்ல வேண்டாம். போனைத் தூக்கிப் படம் பிடிக்கவும் வேண்டாம். இப்ப என்ன செஞ்சா இது முடியும்னு கேட்டாப் போதும். எவ்வளவு கட்டணும், எங்க மாறி உக்காரலாம், ரசீது உண்டா. இந்த மூணு கேள்விக்கும் பரிசோதகர் பதில் சொல்லித்தான் ஆகணும், அதுல அவருக்கும் மரியாதை குறையாது, மாட்டிக்கிட்டவருக்கும் அவமானம் குறையும்.

அம்பது ரூபாய் குடுக்க எனக்கு ஒரு நொடி கூட ஆகலை. ஆனா அந்த அம்மா வந்து கேக்குற வரைக்கும் வாயைத் திறக்க முடியலை. ஆயா ஜெனரல் பெட்டிக்குப் போகும்போது எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க, என்னையும் சேர்த்து. அந்தக் கும்பிடுக்கு நான் பாத்திரம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அடுத்த தடவை போனை உள்ள வைச்சுட்டு, நானே முதல்ல எழுந்து கேக்கணும்.