மாளிகைக்குக் காவல் உண்டு, பட்டறைக்கு?

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். பர்மாத் தேக்கில் தூண். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர். முகம் பார்க்கலாம் போல் மின்னும் தரை! 2014-ல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. மாளிகைகளைக் காப்பாற்றட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: இவற்றைக் கட்டியது யார்?

பணம் போட்டவர் பெயர் நிலைத்திருக்கிறது. அந்தப் பணத்திலும் பர்மா விவசாயியின் வியர்வை உண்டு. 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம், கடனில் மூழ்கி, இங்கிருந்து போன லேவாதேவிக்காரர் கைக்கு மாறியிருந்தது. சரி, சுவர் பூசிய கொத்தன், கதவு செதுக்கிய ஆசாரி, தரைக்குக் கல் வார்த்த தொழிலாளி, இவர்கள் பெயர் எங்கே?

ஆத்தங்குடிப் பட்டறையைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வர்ணக் குழம்பை ஊற்றுகிறான் தொழிலாளி. மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை பரப்பிக் கையால் அழுத்துகிறான். பிறகு தண்ணீரில் ஊறப் போடுகிறான். சூளை கிடையாது. பளபளப்பைக் கண்ணாடி தருகிறது. பூ வேலையை அவன் கை தருகிறது. இவன் கலைஞன் இல்லையென்றால் வேறு எவன் கலைஞன்?

உழைப்பாளியின் வீட்டைக் காட்சியகமாக்க முடியுமா? முடியும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீட்டோடு நெசவாளி வீடும் குயவர் வீடும் நிற்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அது ஊரை விட்டு வெகு தூரத்தில். தொழில் நடக்கும் ஊரிலேயே பட்டறையைக் காப்பாற்ற வேண்டாமா?

"கூலியே போதவில்லை, காட்சியகம் எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலிக்குப் பதிலாக நாம் காட்சியகம் கேட்கவில்லை. கூலியோடு சேர்த்துக் கேட்கிறோம். தன் கைக்கு மதிப்பு உண்டு என்று அறிந்தவன்தான் அதற்குரிய விலையைத் துணிந்து கேட்பான்.

ஆகவே அரசாங்கம் ஆத்தங்குடியில் ஒரு பழைய பட்டறையையும் தொழிலாளி குடியிருந்த வீட்டையும் ஏற்று, அச்சும் தகடும் அப்படியே இருக்கக் காப்பாற்றட்டும். தெரிந்த தொழிலாளர் பெயர்களைச் சுவரில் எழுதட்டும். வேலை கற்பிக்கும் முதிய தொழிலாளிக்கு மாதச் சம்பளம் தரட்டும். நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதி உட்காரட்டும்.

ஆலைத் தோழரே! நீர் நூற்ற நூலில் உமது பெயர் இல்லை. வயல் தோழரே! நீர் நட்ட நெல்லிலும் இல்லை. ஆத்தங்குடியில் எழுதப்படும் பெயர் உங்களுடையதும்தான்.