பிளாஸ்டிக்கை வடிகட்டியாச்சு சரி, எந்தக் கணக்கில் எழுதினீங்க?

போன ஞாயிற்றுக்கிழமை ஜெய்ப்பூர் வெயிலுக்குப் பயந்து வீட்டோடு கிடந்தேன். நேரம் பார்த்து ஆர்.ஓ. மெஷின்காரர் வந்தார். "சாப், மெம்பிரேனை மாத்திடுங்க, மைக்ரோபிளாஸ்டிக்கூட தண்ணியில் தங்காது" என்று ஹிந்தியில் அரை மணி நேரப் பிரசங்கம். தங்கமணி பாதி சம்மதித்துவிட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பிடிச்ச பிளாஸ்டிக் எங்கே போகும்?" மனிதர் சிங்க்கில் தொங்கும் கழிவுக் குழாயைக் காட்டினார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆர்.ஓ. சவ்வின் துளைக்குள் அந்தத் துகள்கள் நுழைய முடியாது. ஆனால் பிடிபட்டது அப்படியே சாக்கடைக்குப் போகிறது. போதாததற்கு, நாம் தூக்கிப் போடுகிற பழைய ஃபில்டர்களும் பிளாஸ்டிக்தான்!

பி.காம். முதல் வருஷப் பாடம் இது: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகணும். எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வரும்வரை நிம்மதி. தண்ணீரிலிருந்து பிளாஸ்டிக்கை நீக்குகிறோம் என்று வருகிற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான் ஞாபகம் வருகிறது.

2024-ல் சீனாவின் குவாங்சோ ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய வழி சொன்னார்கள். கடின நீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு உப்பு படியும், அது துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு காகித வடிகட்டியில் வடிகட்டினால் (நம்ம டிகாக்‌ஷன் ஃபில்டர் இல்லைங்க!) 90 சதவீதம் வரை போய்விடுமாம். மென்னீரில் சுமார் 25 சதவீதம்தான். அருமையான யோசனை. ஆனால் பாத்திரத்தில் படிந்த அந்த வெள்ளைப் படிவை எலுமிச்சை போட்டுத் தேய்த்து எங்கே ஊற்றுகிறோம்? அதே சிங்க்கில்!

டெக்சாஸ் டார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ரஜனி சீனிவாசன் குழுவினர் வெண்டைக்காய், வெந்தயத்தின் கொழகொழப்பைக் கொண்டு துகள்களைத் திரட்டி அடியில் படிய வைத்தார்கள். 2025-ல் வெளியான முடிவின்படி, நிலத்தடி நீரில் வெந்தயம் 89 சதவீதம் வரை நீக்கியது. படித்ததும் நம்ம அடுக்களைச் சரக்காச்சே என்று எனக்கும் பெருமைதான். ஆனாலும் அடியில் தங்கிய வண்டலுக்கு ஒரு கணக்கு வேணுமே?

ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையங்களும் பெரும்பாலான துகள்களைப் பிடித்துவிடுகின்றன. பிடித்தது கசடில் சேர்கிறது. அந்தக் கசடு பல ஊர்களில் வயலுக்கு உரமாகப் போகிறது. ஆக, தண்ணீர்க் கணக்கு டேலி ஆச்சு, மண் கணக்கில் பற்று ஏறியாச்சு.

வடிகட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்கணும். எங்க அடுக்ககத்து போர் தண்ணீரின் உப்புக்கு ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. ஆனால் வாராக்கடனை வசூலிப்பதைவிட, அந்தக் கடனைக் கொடுக்காமல் இருப்பது மலிவு. வங்கிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். நேரடியாகத் துகளாகவே கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால், 28 சதவீதம் டயர் தேய்வதால் என்று 2017-ல் ஐ.யு.சி.என். அறிக்கை சொன்னது. காசும் சட்டமும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

ஊருக்கு உபதேசம் ஆச்சு, நம்ம கதை? எங்க கிளையில் மாசா மாசம் குட்டித் தண்ணீர் பாட்டில்களுக்கு ஒரு வவுச்சர் வரும். அமெரிக்காவில் விற்கும் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள் என்று 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் எண்ணிச் சொன்னது. அதைப் படித்த பிறகும் மூன்று மாசம் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். திங்கட்கிழமை நிறுத்திவிட்டேன். இப்போது எவர்சில்வர் ஜக்கும் டம்ளரும்தான். வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர் கழுவும் வேலை கூடியதால் எங்க பியூன்தான் முறைக்கிறார்.

உங்க ஆபீஸில் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போடுவது யாருங்க?